புல்லும் பூண்டும், அவற்றுக்குப் பெயர் வைத்தோரும்

(வெள்ளி விழாவையொட்டிச் சிதம்பரத்தில் நிகழ்ந்த கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எம்மிடம் வந்து, அறிவியல் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுதல் வேண்டும் என்று கேட்டபோது யாம் சற்றே தயங்கினோம். யாம் தாவரவியல் பயின்றவர் அல்லோம். வரலாற்றில் பி.ஏ. பட்டமும் அதன் பின் பி.எட். பட்டமும் பெற்றுப் பள்ளிக்கூட வேலைக்கு வந்தவர். எம் பள்ளியில் ஓராண்டு அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தது. தலைமையாசிரியர் என்ற முறையில் ஒன்பதாம் வகுப்புக்கு அப்பாடத்தை யாமே எடுக்க நேர்ந்தது. அந்த ஓராண்டில் பிள்ளைகளிடம் யாம் கற்றுக்கொண்டதும், அதனால் எழுந்த ஆவலில் பின்னர் நூல்களைத் தேடிப் படித்ததுமே இன்றைய உரைக்கு முதல். தாவரவியல் கற்ற பேராசிரியர்கள் இவ்வவையில் இருப்பின் பிழை பொறுத்தருளல் வேண்டும்.

நாம் கூடியிருக்கும் இந்நகரின் பழம்பெயர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். உப்பங்கழி ஓரத்தில் வளர்வது. அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் தருவது. இன்று அம்மரத்தைக் காண விரும்புவோர் பிச்சாவரம் சென்று படகேற வேண்டும். நந்தனார் எட்ட நின்ற ஊர் இது. சுவாமி சகஜானந்தர் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த ஊரும் இதுவே. ஊருக்குப் பெயர் தந்த மரத்தையே ஊர் மறந்துவிட்டதென்றால், வரப்போரத்துப் பூண்டை நினைப்பவர் யார்? தில்லைக்காவது தலபுராணம் உண்டு. கோரைக்கும் குப்பைமேனிக்கும் அதுவும் இல்லை. ஆகவே மரங்களை விடுத்துப் பூண்டுகளைப் பற்றியே இன்று பேச எண்ணினோம்.

பூண்டு என்றவுடன் தாய்மார்களுக்கு வெள்ளைப்பூண்டு நினைவுக்கு வரும். யாம் சொல்லுவது ‘புல் பூண்டு’ என்று நாம் சேர்த்துச் சொல்லும்போது வரும் பூண்டு. வயிரம் பாய்ந்த கட்டை இல்லாமல், இளந்தண்டோடு வளர்ந்து மடியும் செடிகள் அனைத்தும் இதில் அடங்கும். நெல் ஒரு பூண்டு. கேழ்வரகும் மஞ்சளும் இஞ்சியும் பூண்டுகள். நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்பினும் அது புல்லினமே. நாம் மரம் என்றே சொல்லிப் பழகிய வாழையும் மரம் அன்று. அதன் தண்டாகத் தோன்றுவது இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்ட சுருளே. தார் ஈன்றவுடன் மடிந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மட்டுமே கன்று விட்டுத் தொடரும். இவ்வாறு நோக்கின், நம் முன்னோர் பிறர் வயலில் உழைத்த உழைப்பெல்லாம் பூண்டுகளை நடுவதும், பூண்டுகளைக் களைவதும், பூண்டுகளை அறுப்பதுமாகவே கழிந்தது எனலாம்.

செடிகளை வகைப்படுத்தும் எண்ணம் நம் மொழிக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மரபியலில், வெளிப்புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும், உட்புறத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் பிரிக்கின்றார். அக்கணக்கின்படி பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லின் பக்கம் சேரும். இன்றைய தாவரவியலாரும் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று நெல்லோடும் அறுகோடும் ஒரே பெரும்பிரிவில் வைக்கின்றனர். கட்டையைப் பிளந்து பார்த்தவன் கண்ட உண்மை அது. இதனைக் கொண்டு எல்லா அறிவியலும் அன்றே நம்மிடம் இருந்தது என்று மேடைகளில் முழங்குவாரும் உளர். அது வேண்டாத வேலை. கட்டையைப் பிளந்தவன் யார் என்பதே எமக்குத் தோன்றும் கேள்வி. இலக்கணம் எழுதியவர் பெயர் நமக்குத் தெரியும். கோடரி பிடித்தவன் பெயர் தெரியாது.

எம் அன்னையார் வீராணம் ஏரிப் பாசனத்தில் நடவும் களையெடுப்பும் செய்து எம்மை வளர்த்தவர், எழுத்தறியாதவர். நடவு முடிந்த சில நாளில் நாற்றோடு நாற்றாகக் குதிரைவாலிப் புல்லும் முளைத்து நிற்கும். இளமையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நெல்லில் இலையும் இலையுறையும் சேரும் மூட்டில் நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. குதிரைவாலியில் அஃது இல்லை. இந்த வேறுபாட்டை யாம் நூலில் படித்தது ஐம்பது வயதை நெருங்கும்போது. அன்னையாரோ முழங்கால் சேற்றில் நின்று, குனிந்த தலை நிமிராமல், அரைக்கணத்தில் ஒன்றைப் பறித்து மற்றொன்றை விட்டுச் செல்வார். தவறி நெல்லைப் பறித்தால் ஆண்டை வீட்டாரின் வசவு கிடைக்கும். தேர்வில் பிழை செய்தால் எமக்கு மதிப்பெண்தான் குறையும். அவருக்குக் கூலியே குறையும்.

யாம் சிறுவராக இருந்தபோது ஆசிரியர் ஒருவர், உன் தாய் என்ன வேலை செய்கிறாள் என்று வகுப்பில் கேட்டார். “புல்லுப் புடுங்குறாங்க சார்” என்றோம். வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். அன்றிலிருந்து, களைக்குப் போன இடத்திலிருந்து அன்னையார் மடியில் கட்டிக்கொண்டு வரும் பொன்னாங்கண்ணியையும் ஆரைக்கீரையையும் உண்ண மாட்டோம் என்று யாம் அடம் பிடித்தோம். அவருக்கு அதன் காரணத்தைச் சொல்லவும் இல்லை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் அறிந்திருந்த பூண்டுகளின் பெயர்களில் பாதிக்கு மேல் யாம் கேட்டு எழுதி வைக்கவில்லை. இன்று இப்பொருளைப் பற்றிப் பேச இசைந்ததற்கு அதுவே உட்காரணம்.

இனி ஒன்பதாம் வகுப்புக்கு வருவோம். மருந்துப் பூண்டுகள் என்னும் பாடத்தை நடத்த, வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு செடியைப் பிடுங்கி வந்து, “இதுவே கீழாநெல்லி, இலையின் கீழே நெல்லி போன்ற காய் வரிசையாக இருப்பதைப் பாருங்கள்” என்று உயர்த்திக் காட்டினோம். கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சார், அது கீழாநெல்லி இல்ல சார்” என்றாள். எப்படி என்று கேட்டோம். “அதுல காய்க்குக் காம்பே இல்ல, தொட்டா சொரசொரன்னு இருக்கும். கீழாநெல்லிக் காய் வழவழன்னு சின்னக் காம்புல தொங்கும். எங்க ஆயா சொன்னாங்க” என்றாள். அன்று மாலையே நூலைத் தேடினோம். அவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. யாம் காட்டியது பில்லாந்தஸ் யூரினேரியா; நம் நாட்டுக் கீழாநெல்லி பில்லாந்தஸ் அமாரஸ். காம்பும் காயின் மேற்பரப்பும் அவ்விரண்டையும் பிரித்தறியத் தாவர நூலார் தரும் அடையாளங்களுள் முதன்மையானவை. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, யாமும் விடவில்லை. அவ்வாரமே அவளுடைய ஆயாவைப் பள்ளிக்கு அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்தி, பிள்ளைகள் கொண்டுவந்த பூண்டுகளுக்கெல்லாம் பெயர் சொல்லச் செய்தோம்.

இத்தகைய அறிவு நூலேறிய கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்டி வாணிகம் செய்த காலத்தில், அக்கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் என்பவர் சுற்றுப்புறத்துச் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் இங்குள்ளோர் அவற்றை மருந்தாகப் பயன்படுத்தும் முறைகளையும் எழுதி இலண்டனுக்கு அனுப்பினார். அங்கு ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் அவற்றை 1698 முதல் அரசக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். பிரவுன் செடிகளைத் தாமே அறிந்திருக்க இயலாது. யாரோ ஒருவர் கையை நீட்டி, இதன் பெயர் இன்னது, இது இன்ன நோய்க்கு ஆகும் என்று சொல்லியிருத்தல் வேண்டும். செடியும் உண்டு, பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. சொன்னவர் மட்டும் இல்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு மலையாள நாட்டில் நிகழ்ந்தது. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர் ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூலை உருவாக்கினார். அது 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாயிற்று. அதற்கு வேண்டிய செடிகளின் பெயர்களையும் குணங்களையும் பெரும்பாலும் சொன்னவர் இட்டி அச்சுதன் என்னும் பரம்பரை வைத்தியர். அவர் ஈழவர், அக்காலத்தில் மேல்சாதியார் தீண்ட மறுத்த குலத்தவர். அவர் தம் கைப்பட எழுதிய சான்றுரை, 1675 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாளிட்டு, கோலெழுத்தில் உள்ளபடியே முதல் தொகுதியில் அச்சிடப்பட்டுள்ளது. தம் குடும்பத்து ஏட்டிலிருந்தும், தாம் நெடுங்காலம் கண்டறிந்தவற்றிலிருந்தும் இச்செய்திகளைச் சொன்னதாக அவர் அதில் உறுதி கூறுகின்றார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் தனியே சான்று தந்துள்ளனர். உள்ளூர்த் தெருவில் ஒன்றாக நடக்க இயலாதவர்களின் பெயர்கள் ஆம்ஸ்டர்டாம் அச்சில் ஒரே நூலில் இடம்பெற்றன. இந்நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் முழுமையாகக் கொண்டுவரத் தம் வாழ்நாளைச் செலவிட்ட பேராசிரியர் கா. சு. மணிலால் 2025 ஆம் ஆண்டின் முதல் நாளில் காலமானார்.

வான் ரீடின் நூலை மேசைமேல் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ். இவர் 1707 இல் பிறந்து 1778 இல் மறைந்தவர். இவருக்கு முன் ஒரு செடியைக் குறிக்க இலத்தீனில் ஒரு முழு வாக்கியமே சொல்ல வேண்டியிருந்தது: இன்ன இலையுடையது, இன்ன பூவுடையது, இன்ன இடத்தில் வளர்வது என்று. லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளான்டாரம்’ என்னும் நூலில் எல்லாச் செடிகளுக்கும் இரண்டே சொற்களால் பெயர் தந்தார். முதற்சொல் பேரினம், இரண்டாம் சொல் சிற்றினம். நம் ஊரில் சிறுநெருஞ்சி, யானைநெருஞ்சி என்றும், கீழாநெல்லி, மேலாநெல்லி என்றும் சொல்வதற்கு இது வெகு தொலைவன்று. ஆனால் அவர் ஒரு கண்டிப்பு வைத்தார்: உலகம் முழுதும் ஒரு செடிக்கு ஒரே பெயர், அப்பெயர் வேறு எதற்கும் கிடையாது. மகரந்தத் தாள்களையும் சூலகத்தையும் எண்ணி வகுப்புப் பிரித்தார். தும்பைப் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே நான்கு தாள்கள், இரண்டு நெடியவை, இரண்டு குறியவை. அவ்வகைப் பூக்களுக்கென்றே அவர் ஒரு வகுப்பு வைத்திருந்தார்.

எண்ணிப் பிரித்தது எளிதாக இருந்ததேயன்றி உறவு முறையைக் காட்டவில்லை. ஆகவே பின்வந்தோர் பல உறுப்புகளையும் ஒருங்கே நோக்கிக் குடும்பங்களாகப் பிரித்தனர். இந்நாளில் மரபணுவைப் படித்துப் பிரிக்கின்றனர். நாம் நெருஞ்சி என்று ஒரே பெயரால் அழைக்கும் இரண்டும் இக்கணக்கில் வெவ்வேறு குடும்பம். சிறுநெருஞ்சி டிரிபுலஸ், யானைநெருஞ்சி பெடாலியம். முள் குத்துவதையும் நீர்க்கடுப்புக்கு உதவுவதையும் கண்டு நாம் சேர்த்தோம். பூவின் அமைப்பைக் கண்டு அவர்கள் பிரித்தார்கள். வெறுங்காலோடு நடப்பவனுக்கு முள்ளே முதல் இலக்கணம் அன்றோ!

லின்னேயஸ் நம் நாட்டிற்கு வந்ததில்லை. ஆனால் அவருடைய மாணவர் ஒருவர் இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் வந்து தங்கினார். கொள்ளிடத்திற்கு அப்பால், இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கு 1768 இல் மருத்துவராக வந்து இறங்கியவர் யோகான் கெர்ஹார்டு கோனிக். பின்னர் 1774 இல் ஆற்காட்டு நவாபிடமும், 1778 முதல் ஆங்கிலக் கும்பெனியிடமும் பணியாற்றி, சயாம், மலாக்கா வரை சென்று செடிகளை ஆராய்ந்தார். இஞ்சி, மஞ்சள் இனத்துப் பூண்டுகளைப் பற்றி அவர் எழுதிய விளக்கம் 1783 இல் ஐரோப்பாவில் வெளியாயிற்று. 1785 இல் காக்கிநாடாவுக்கு அருகில் உயிர் நீத்தார். நம் தாய்மார்கள் நாள்தோறும் குழம்பில் கிள்ளிப் போடும் கறிவேப்பிலையின் அறிவியற் பெயர் முர்ராயா கோனிகை. அதில் உள்ள கோனிக் இவரே. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கறிவேப்பிலையை உண்டு வந்த நாட்டில், அதன் பெயரில் அமர்ந்திருப்பவர் கடல் கடந்து வந்தவர். இதில் அவர் குற்றம் ஏதும் இல்லை. அவர் எழுதி வைத்தார், நாம் எழுதி வைக்கவில்லை. எழுத இயலாதபடி நம்மில் பலரை வைத்திருந்தோரும் உண்டு என்பதையும் இவ்வவையில் மறைக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் எமக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த செய்தி ஒன்றைச் சொல்லுகின்றோம். கோனிக் இங்கிருந்து அனுப்பிய கோரையினங்கள் பலவற்றைக் கோப்பன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் ரோட்பெல் என்பவர் ஆராய்ந்து 1773 இல் படங்களுடன் வெளியிட்டார். பாய் முடையும் கோரை ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் ‘சைபெரஸ் பங்கோரை’. இலத்தீன் பெயருக்குள்ளே தமிழ்க் ‘கோரை’ அப்படியே அமர்ந்திருக்கின்றது! கோரை அறுப்போரும் பாய் நெய்வோரும் வாயாற் சொன்ன சொல்லை யாரோ காதாற் கேட்டு எழுதிக் கப்பலேற்றியிருத்தல் வேண்டும். அது போன்றதே வெட்டிவேரும். கடலூர்க் கடற்கரை மணலில் இன்றும் பயிராகும் இப்புல்லுக்கு லின்னேயஸ் 1771 இல் ஒரு பெயர் வைத்தார்; அதன் பின் பேரினம் மாறி இன்று கிரைசோபோகன் சிசானியாய்டிஸ் என்று வழங்குகின்றனர். ஆனால் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வாசனைக் கடையில் அதனை ‘வெட்டிவர்’ என்றே கேட்டு வாங்குகின்றனர். புலவர் பெருமக்கள் அயலகத்திற்கு அனுப்பிய சொற்களைக் கணக்கெடுப்போர், வேர் அகழ்ந்தோர் அனுப்பிய இச்சொல்லையும் கணக்கில் சேர்த்தல் நன்று.

தரங்கம்பாடியில் கோனிக்கின் வழியைப் பின்பற்றிச் செடி சேர்த்த பாதிரிமார் பலர். அவர்களுள் ராட்லர் என்பவரைத் தமிழாசிரியர்கள் அகராதிக்காரராகவே அறிவர். 1776 இல் வந்து 60 ஆண்டுகள் இம்மண்ணிலேயே வாழ்ந்து 1836 இல் சென்னையில் மறைந்தவர். அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1834 இல் வெளிவரத் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் 1841 இல் முற்றுப்பெற்றது. ஒரு கையால் செடியையும் மறு கையால் சொல்லையும் சேர்த்தவர் இவர். அவர் உலர்த்திய செடிகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் இன்றும் உள்ளன.

இனி நாம் காண வேண்டியவர் இராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். 1819 இல் சென்னை மாகாணத்திற்கு வந்து, நாகப்பட்டினம் முதல் கோயம்புத்தூர் வரை பல ஊர்களில் இருந்து, 1853 இல் நாடு திரும்பியவர். அவர் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ என்னும் ஆறு தொகுதிகளில் 2101 செடிகளின் படங்கள் உள்ளன. அப்படங்களை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர். பூவைப் பிளந்து, சூலறையை அறுத்து, உருப்பெருக்கியில் நோக்கி, இம்மி பிசகாமல் வரைந்தவர்கள். வைட் அவர்கள் பெயரைப் படத்தின் அடியில் அச்சிட்டார். மேலும் ஒரு படி சென்று, சிறிய ஆர்க்கிட் பூண்டு ஒன்றுக்குக் ‘கோவிந்தூயியா’ என்றே பேரினப் பெயர் சூட்டினார். பிற்காலத்து ஆய்வாளர் அப்பூண்டு ஏற்கெனவே டிராபிடியா என்று பெயர் பெற்ற இனத்தைச் சேர்ந்தது என்று கண்டனர். விதிப்படி முந்திய பெயரே நிற்கும்; கோவிந்துவின் பெயர் மறுபெயர்ப் பட்டியலுக்குள் போயிற்று. விதி நேர்மையானதே. இருப்பினும் அதைப் படித்தபோது எமக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. வைட்டுக்காகக் காடு மேடெல்லாம் ஏறிச் செடி பறித்து வந்த கூலியாட்களில் பெரும்பாலோர்க்கு மறுபெயர்ப் பட்டியலிலும் இடமில்லை.

பெயர் சரியாக இருந்தால் என்ன, தவறாக இருந்தால் என்ன, செடி செடிதானே என்று சிலர் கேட்கலாம். அதற்குக் கீழாநெல்லியே விடை சொல்லும். லின்னேயஸ் 1753 இல் பில்லாந்தஸ் நிரூரி என்னும் பெயரின்கீழ் ஆசியச் செடியையும் அமெரிக்கச் செடியையும் ஒன்றாகப் போட்டுவிட்டார். அதனால் நம் கீழாநெல்லியை இரு நூற்றாண்டுகள் வரை நூல்கள் நிரூரி என்றே எழுதின. இன்றும் மருந்துப் பொட்டலங்களில் அப்பெயரைக் காணலாம். பில்லாந்தஸ் அமாரஸ் என்னும் சரியான பெயர் 1827 இல், ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் சேகரித்த செடியைக் கொண்டு டேனிஷ்காரர் வைத்தது. அப்போது தரங்கம்பாடியும் அவர்கள் கையில்தான் இருந்தது. வாசற்படியில் முளைத்த செடிக்குப் பெயர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது!

1988 இல் சென்னைப் பல்கலைக்கழகத்து மருத்துவ அறிஞர் எஸ். பி. தியாகராசன் அவர்களும், கல்லீரல் அழற்சி பி வைரசைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் அவர்களும் மற்றும் சிலரும் சேர்ந்து ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அந்த வைரசை உடலில் சுமந்திருந்தோர்க்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு வைரசின் அடையாளம் இரத்தத்திலிருந்து நீங்கிற்று. வெறுந்தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே நீங்கிற்று. உலகம் வியந்தது. ஆயின் பிற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அப்பயன் அவ்வாறு கிட்டவில்லை. அவர்கள் கொடுத்த செடி இதுதானா, அதே மண்ணில் விளைந்ததா என்னும் விவாதம் எழுந்தது. நாட்டு மருந்துக் கடைச் சரக்கைச் சோதித்தோர், கீழாநெல்லி என்று விற்பதில் வேறு பில்லாந்தஸ் இனங்களும் கலந்திருப்பதைக் காட்டியுள்ளனர். ஆகவே மஞ்சள் காமாலை என்றால் முதலில் அரசு மருத்துவமனைக்குச் சென்று இரத்தம் சோதித்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதைத் தாய்மார்களுக்கு யாம் அழுத்தமாகச் சொல்லுவோம். அதே மூச்சில், காயின் காம்பைத் தொட்டுப் பார்த்துச் செடியைப் பிரித்துச் சொன்ன அந்த ஆயாவின் அறிவு எத்துணை விலையுடையது என்பதையும் சொல்லுவோம்.

பெயர் வைத்தோர் எல்லாரும் வெள்ளையர் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. தலச்சேரியில் 1897 இல் தீயர் குலத்தில் பிறந்த ஜானகி அம்மாள், பெண்கள் கல்லூரி வாயிலைக் காண்பதே அரிதாக இருந்த நாளில், 1931 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பை மற்றப் புல்லினங்களோடு இணைத்து ஆய்ந்தார். டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து அவர் 1945 இல் வெளியிட்ட பயிர்களின் குரோமோசோம் நூல் உலகப் புகழ் பெற்றது. பெண் என்றும், தாழ்ந்த குலத்தவர் என்றும் அவர் பட்ட இடர்கள் பல. 1984 இல் மறையும் வரை ஆய்வை மட்டும் அவர் விடவில்லை. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினாட் உலர்தாவர மனையை வளர்த்த அருள்தந்தை மேத்யூ, 1980களில் வெளியிட்ட ‘தமிழகக் கர்நாடகத் தாவரங்கள்’ பற்றிய தொகுதிகளில் நம் பக்கத்துப் பூண்டுகளும் உள்ளன. யாம் எம் பிழையைக் கண்டுகொண்டது அத்தொகுதியைப் புரட்டித்தான்.

உலர்தாவரத் தாள் என்பது ஒன்றும் பெரிய மந்திரமன்று. செடியை வேரோடும் பூவோடும் காயோடும் பறித்து, செய்தித்தாளுக்கு இடையே வைத்து, மேலே பாரம் ஏற்றி, நாள்தோறும் தாளை மாற்றி உலர்த்தி, சுமார் 42 சென்டிமீட்டர் நீளமும் 29 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டித் தாளில் தைத்தோ ஒட்டியோ வைப்பது. கீழே வலப்புறம் ஒரு சிறு சீட்டு: பெயர், ஊர், நாள், இடத்தின் இயல்பு, சேகரித்தவர். அந்தச் சீட்டு இல்லையேல் அது வெறும் சருகு. முதலாண்டு எம் பிள்ளைகள் செய்த தாள்கள் அத்தனையும் கார்த்திகை அடைமழையில் பூசணம் பிடித்துப் போயின. கடற்கரைப் பக்கத்து ஈரத்தை யாம் கருதவில்லை. இரண்டாம் ஆண்டு தை பிறந்த பின் தொடங்கினோம். இப்போது 48 தாள்கள் தேறியுள்ளன. கரிசலாங்கண்ணி, நீர்முள்ளி, மூக்கிரட்டை, சாரணை, உப்பளத்து உமரி, வல்லாரை என்று நீங்கள் அறிந்தவையே பெரும்பாலும். சீட்டில் ‘சேகரித்தவர்’ என்பதற்குக் கீழே ‘பெயர் சொன்னவர்’ என்று ஒரு வரியை யாம் கூட்டியிருக்கின்றோம். தாவரவியலார் இவ்வழக்கத்தை ஏற்பரா என்பது எமக்குக் கவலையில்லை.

அத்தாள்கள் இம்மண்டபத்தின் பின்னறையில் மேசைமேல் பரப்பப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்றுக்கு இன்னும் பெயர் தெரியவில்லை. ஒன்று வரப்பில் படர்ந்து நீலப் பூப் பூப்பது. மற்ற இரண்டும் ஓடைக் கரையில் எடுத்தவை. கல்லூரிக்கு அனுப்பினால் இலத்தீன் பெயர் வந்துவிடும். அதற்கு முன் தமிழ்ப் பெயர் தெரிந்த தாய்மார்கள், உணவுக்குச் செல்லும் வழியில் நின்று பார்த்து, அங்கே எழுதுகோலோடு அமர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பெயரையும், அது எதற்கு ஆகும் என்பதையும் சொல்லிச் செல்லுமாறு வேண்டுகின்றோம். உங்கள் பெயரையும் மறவாமல் சொல்லுங்கள். சீட்டில் அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.